அரபு எழுத்தைச் சேர்த்து எழுதவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் ஊர்களில் மக்தப் மதரஸாவுக்குப் போகிற பிள்ளைகள் குர்ஆனைத் தடையில்லாமல் ஓதிவிடுகிறார்கள், ஆனால் 'கிதாப்' (புத்தகம்) என்று அரபியில் எழுதச் சொன்னால் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. காரணம், 28 எழுத்துகளையும் தனித்தனியாக எழுத வைத்து, அப்புறம் சொல்லில் வரும் இடத்துக்கேற்ப மாறும் முதல், நடு, கடைசி வடிவங்களை ஒரே அட்டவணையாக மனப்பாடம் செய்யச் சொல்வதுதான். பிள்ளை மிரண்டுபோகிறது.

அவ்வளவு தேவையே இல்லை. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றுதான், புள்ளிதான் வேறு. அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் இந்த ஆறும் தனக்கு முன்னால் வரும் எழுத்தோடு சேரும், பின்னால் வருவதோடு சேராது. இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கிதாபில் காஃப், தா, அலிஃப் மூன்றும் ஒரே இழுப்பில் வரும், அலிஃபோடு இணைப்பு அறுந்து பா தனியே நிற்கும். சேரும் எழுத்துகளின் உடலைக் கையை எடுக்காமல் எழுதி முடித்துவிட்டு, புள்ளிகளைக் கடைசியில் வைக்கப் பழக்குங்கள். தால் கோட்டின் மேல் உட்காரும், ரா கோட்டுக்குக் கீழே இறங்கும், இதையும் கரும்பலகையில் கோடு போட்டே காட்ட வேண்டும்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் இதே எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் தமிழ், எழுதியவர்கள். தினமும் ஓதலுக்குப் பிறகு பத்து நிமிடம் எழுத்துக்கு ஒதுக்க மதரஸா நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்