இரண்டு தலை சென்ட்

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் காசின் படமும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறினால் முனகுகிறது. சரி, காசுக்கு வருகிறேன். நீ எழுதியதே அதற்குத்தானே!

அந்த அமெரிக்க ஒரு சென்ட் காசுக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்துவிடாதேடா. மின்ட்டில், அதாவது அரசாங்கம் காசு அடிக்கும் சாலையில், தவறிப்போய் இரண்டு தலை விழுந்த காசு என்று அந்த வியாபாரி சொல்வது கதை. லிங்கன் முகத்துக்கு எதிரே அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் சின்னத் தலை கென்னடியுடையது. காசு மின்ட்டை விட்டு வெளியே வந்தபிறகு யாரோ பஞ்ச் என்ற குத்து அச்சை வைத்து அடித்தது. இங்கே பழைய சாமான் சந்தைகளில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும்.

லென்ஸ் வைத்து நீயே பார். மின்ட்டில் மேல் அச்சும் கீழ் அச்சும் ஒரே அடியில் விழும்; இரண்டு பக்கமும் கூர்மையாக இருக்கும். உன் காசைத் திருப்பி, கென்னடி தலைக்கு நேர் பின்னால் பார்த்தால் அந்த இடம் மட்டும் லேசாக நசுங்கி மழுங்கியிருக்கும். உன்னுடையது 1973 என்பதால் பெரும்பாலும் செம்பு, அடி நன்றாக வாங்கியிருக்கிறது. 1982க்குப் பிறகு வந்தவை துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சுதான். பஞ்ச் பட்டு பூச்சு கிழிந்தால் உள்ளே வெளுத்து அரிக்க ஆரம்பித்துவிடும்.

இதை ஓர் அட்டையில் ஒட்டி, இரண்டு ஜனாதிபதிகளுக்கும் உள்ள ஒற்றுமைகளை அதில் அச்சடித்து விற்றார்கள். லிங்கன் 1860இல் ஜனாதிபதியாகத் தேர்வானார், கென்னடி 1960இல். இருவரையும் சுட்டது வெள்ளிக்கிழமை. இருவருக்கும் பின்னால் வந்தவர் ஜான்சன் என்று பட்டியல் நீளும். அதெல்லாம் சரிதான். ஆனால் லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்றும் சேர்த்துவிட்டார்கள் பார், அது சுத்தப் புளுகு. அவருடைய செயலாளர்கள் நிக்கலேயும் ஹேயும். காசோடு அந்த அட்டையும் இருந்தால் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுக்கலாம், எனக்கு அட்டைதான் பிடிக்கும்.

அமெரிக்காவில் ஏமாற்றும் நோக்கத்தோடு காசைத் திருத்தினால்தான் குற்றம். விளையாட்டுக்கு அடிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வில்கின்ஸ் என்று 19ஆம் நூற்றாண்டுப் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். கைக்கு வந்த பெரிய செம்பு சென்ட்டிலெல்லாம் தன் பெயரைக் குத்திப் புழக்கத்தில் விட்டார். செலவில்லாத விளம்பரம்! இங்கிலாந்தில் பெயர் குத்திய காசு செல்லாது என்று 1853இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பேர்ஸ் சோப்புக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் பென்னிக் காசு அளவிலேயே இருந்த பிரெஞ்சு 10 சென்டீம் காசில் பெயரைக் குத்தினார்கள். ராணி முகம் இல்லாத காசுக்கு ராணியின் சட்டம் ஏது?

ஆனால் இந்த வகையில் என் மனசைப் பறித்தது வேறொன்று. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1903ஆம் வருடத்துப் பென்னி ஒன்று இருக்கிறது. ஏழாம் எட்வர்ட் ராஜாவின் முகத்தின் குறுக்கே 'பெண்களுக்கு வாக்குரிமை' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முந்திய வேலை. வார்த்தை முழுவதற்கும் ஒரே அச்சு இல்லை. ஒவ்வோர் எழுத்தாக வைத்துச் சுத்தியலால் அடித்ததால் வரிசை ஏறி இறங்கி நிற்கிறது. ஓர் எழுத்து தடுமாறினாலும் அழிக்க முடியாது. சட்டப்படி குற்றம் வேறு. ஒரு பென்னிக்காக பாங்க் ஊரெல்லாம் தேடி அலையுமா? அது கடைக்குக் கடை, பைக்குப் பை போய்க்கொண்டே இருந்திருக்கும். மின்ட் பிழை என்று ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. இயந்திரம் சறுக்கியதில் என்ன இருக்கிறது? யார், எதற்காக அடித்தார்கள் என்பதில்தானே ருசி.

இன்னொன்று. 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்து முடித்துவிட்டார்கள். இனி எல்லா சென்ட்டும் அபூர்வம் என்று உன் ஆள் அடுத்த கதையோடு வருவார். கோடி கோடியாக இங்கே டப்பாக்களில் கிடக்கிறது, நம்பாதே.

உங்கள் தாத்தா பெட்டியில் காசைச் சோதித்து மாற்றிக் கொடுக்கும் சராப்புகள் குறி குத்திய பழைய வெள்ளி ரூபாய் நாலைந்து இருந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் குறி விழுந்த பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. புளி, எலுமிச்சம்பழம் எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதே. அப்புறம், தங்கச்சி கமலாவிடம் மாவடு கேட்டேன் என்று சொல்.

உன்,
சேது