எலும்பையும் நினைவில் வைத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயால் பெருங்குடலும் சிறுகுடலின் கடைப்பகுதியும் அகற்றப்பட்டு, இலியோஸ்டமியுடன் (சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து, கழிவை வெளியே ஒட்டிய பையில் சேர்க்கும் வழி) வாழ்ந்து வருகிறேன். இப்படி வாழ்பவர்களின் கவனம் பெரும்பாலும் பையிலும் கசிவிலும் தோல் எரிச்சலிலும்தான் இருக்கும். வெளியே தெரியாத எலும்பையும் கவனிக்கச் செய்த உங்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் குடல்நோய் மருத்துவருக்கு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை நெடுநாள் உட்கொண்டால் புதிய எலும்பு உருவாவது குறையும் என்பதால், புண் ஆறியதும் என்னை விட்டுவிடாமல், முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டி ஸ்கோர் (நலமான இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -1-க்கும் -2.5-க்கும் இடையே இருந்தது. இது எலும்பு அடர்த்திக் குறைவுதான், -2.5-ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை என்று பொறுமையாக விளக்கி அச்சத்தைத் தணித்தார்.

உணவியல் வல்லுநருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பதைக் கண்டதும் கால்சியத்தை மட்டும் கூட்டாமல், மக்னீசியத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர்தான் வலியுறுத்தினார். பை வழியே மக்னீசியம் மிகுதியாக வெளியேறினால், இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் சரிவரச் சுரக்காது, சுரந்தாலும் முழுமையாக வேலை செய்யாது. அந்நிலையில் கால்சியம் மாத்திரை மட்டும் எவ்வளவு விழுங்கினாலும் குறை தீராது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களை மீண்டும் உறிஞ்சுவது சிறுகுடலின் கடைப்பகுதி என்பதால், அது இல்லாதபோது கொழுப்பு செரிப்பது குறைந்து, கொழுப்பில் கரையும் வைட்டமின் டியும் வீணாகிறது என்பதையும் அவரிடமே கற்றேன். (வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், அதற்கு ஊசி போட்டுக்கொள்கிறேன்.) கால்சியத்தை ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் பிரித்து உட்கொள்ளவும், நான் அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பதால் கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்கவும் சொன்னவரும் அவரே. மருந்தின் பெயரோடு காரணத்தையும் சொல்பவர்கள் அரிது. காரணம் தெரிந்ததால்தான் நான் ஒரு வேளையும் தவறவிடுவதில்லை.

ஸ்டோமா (வயிற்றிலுள்ள அந்தத் திறப்பு) செவிலியரே, மாத்திரை கரையாமல் பைக்குள் வந்து விழுகிறதா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டீர்கள். அப்படி ஒன்று வந்தபோது மருந்தாளுநரிடம் பேசி, குடலுக்குள் போன பின்பே கரையும் உறை பூசிய வகைக்குப் பதில் வேறு வகையைத் தந்தீர்கள். வெளியேற்றம் மிகும் நாட்களில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது இழப்பைக் கூட்டும், உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலே உதவும் என்று நீங்கள் எழுதித் தந்த தாள் இன்றும் என் கண்முன் ஒட்டியிருக்கிறது.

வயிற்றுக்கு அழுத்தம் தராமல், ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வராமல், எலும்புக்கு வலுச்சேர்க்கும் நடையையும் எதிர்ப்புப் பயிற்சியையும் படிப்படியாகக் கற்பித்த இயன்முறை மருத்துவருக்கும், தளர்ந்த நாட்களில் உடனிருந்த குடும்பத்தாருக்கும் என் நன்றி.

உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இலியோஸ்டமியுடன் உங்களிடம் வரும் அடுத்தவருக்கும், பையைப் பற்றி விசாரிக்கும் அதே சந்திப்பில், வைட்டமின் டி, மக்னீசியம் அளவுகளையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
இலியோஸ்டமியுடன் வாழும் ஒருவர்