பலாலி ஓடுபாதைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது யாழ்ப்பாணத்துக்கு மேலால்தான் போகும். யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், சுமார் 355 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. சென்னைக்கு மதுரைகூட இதைவிடத் தூரம். அப்படியிருந்தும், ஆசனம் கிடைக்காமலோ, பொதி கூடிப்போனதாலோ, விலை கட்டாததாலோ எங்கள் சனம் இன்றைக்கும் இரவு பஸ் ஏறி 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போகிறது. பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, விட்டுவந்த ஊரின் பக்கமாகவே வடக்கே பறக்கிறது.

பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் என்று நேர அட்டவணையில் போடுகிறார்கள். இங்கு வரும் ஏடிஆர் என்ற சிறிய சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். கணக்குப் பார்த்தால் முக்கால் மணித்தியாலம்கூட வேண்டாம். மிச்ச நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், மேலேறுவதற்கும், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் வருவதற்கும் போகிறது. திருச்சி 185 கிலோமீற்றர்தான், சென்னைத் தூரத்தில் ஏறக்குறையப் பாதி. ஆனால் பயண நேரம் பாதியாகவில்லை. நாளைக்கே ஜெட் விமானம் வந்தாலும் மிச்சமாவது கொஞ்ச நிமிடங்கள்தான். ஆகவே வேகம் போதவில்லை என்று முறையிட நான் வரவில்லை. எங்களுக்கு வேண்டியது விமானத்தில் ஆட்களுக்கும் பொதிக்கும் கூடுதல் இடம்.

ஏடிஆரில் எழுபது, எழுபத்தெட்டுப் பேர் போகலாம். ஏ320 வகை ஜெட் விமானத்தில் 180 பேர் அளவில் போகலாம். அதற்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஓடுபாதை வேண்டும். பலாலியில் பயன்படுவது சுமார் 1,400 மீற்றர். அதிலும் எங்கள் சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து, விமானம் எழும்ப இன்னும் நீளம் கேட்கும். ஓடுபாதை நீளாதபோது குறைக்கக்கூடியது பாரம் ஒன்றுதான். கலியாணச் சேலை எடுக்கப் போய்வருகிறவர்களைக் கேட்டால் பொதிக் கணக்கின் அருமை தெரியும்.

இந்தப் பாதை புதியதுமல்ல. அந்நாளைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலி நிலையம்) வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. போர்க்காலம் எல்லாவற்றையும் அறுத்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2019இல் திறந்தபோதே அடுத்த கட்டமாக ஓடுபாதையை நீட்டுவோம் என்றார்கள்.

நீட்டுங்கள். ஆனால் எங்கே நீட்டுவது என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். 1990இல் போரினால் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களில் பல இன்னும் தங்கள் காணிக்குப் போகவில்லை. விமான நிலையம் இருக்கும் மண்ணே படையினர் அடைத்து வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததுதான். அபிவிருத்தி என்ற பேரில் இன்னொரு தோட்டம் வேலிக்குள் போனால், சென்னைக்கு எத்தனை விமானம் விட்டாலும் அந்தச் சனத்துக்கு அது நியாயமாகத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அதனால் கேட்பது இதுதான். ஓடுபாதையை எத்தனை மீற்றர், எந்தத் திசையில் நீட்டப்போகிறீர்கள், அதற்குத் தேவையான நிலம் ஏற்கெனவே விமான நிலைய எல்லைக்குள் இருக்கிறதா, வேலை எப்போது தொடங்கும் என்பவற்றை வரைபடத்தோடு தமிழில் வெளியிடுங்கள். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் ஒரு பிரதியை எல்லோரும் பார்க்க ஒட்டிவையுங்கள். காணிக்காரர் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்