கோவையிலிருந்து பெங்களூர் அல்சூருக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். கோவையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்று இரவு அம்மாவிடம் கேட்டாய். அவள் போனை என்னிடம் கொடுப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அதன்பிறகு எடுக்கவேயில்லை. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க விமானங்களோடு இருந்தவனின் மகள் கேட்ட கேள்விக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

வானில் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம், சிலவற்றில் சற்றுக் கூடுதலாகவும் போட்டிருப்பார்கள். விமானம் அங்கே அசையத் தொடங்கியதிலிருந்து இங்கே வந்து நிற்கும்வரை உள்ள கணக்கு அது. ஜெட் என்றால் பறப்பது முக்கால் மணி நேரம். ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானம் கொஞ்சம் மெதுவாக வரும். நல்ல விமானம், பயப்படாதே. ஆனால் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு ஊரையே கடந்து போக வேண்டும். செக்-இன் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். 2008-க்கு முன்பு விமான நிலையம் நம் வீட்டுப் பக்கமே இருந்தது. இப்போது தேவனஹள்ளியில் இறங்கி 35 கிலோமீட்டர் வர வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம்.

நேரம் சற்றுக் கூடினாலும் அதற்கு வந்தே பாரத் ரயில் மேல். ஆறரை மணி நேரத்தில் கன்டோன்மென்ட்டில் இறங்கலாம். நான் ஆட்டோவோடு நிற்பேன். வாரத்தில் ஒருநாள் ஓடாது, பார்த்து எடு. இரவிலேயே கிளம்ப வேண்டியிருந்தால் காந்திபுரத்தில் ஆம்னி பஸ் கிடைக்கும். சேலம், ஓசூர் வழியாக வருவதாகப் பார். சத்தியமங்கலம் வழி வேண்டவே வேண்டாம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையோடு அது ஆகாது.

தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை என்றாய். அவருக்கு வேலை இருந்தால் உனக்கென்ன? எட்டாம் வகுப்பிலேயே தனியாக பஸ் ஏறி ஹாக்கி ஆடப் போன பெண் நீ. தெருவே உன்னைப் பார்த்து வியந்தது. இன்று ஒரு டிக்கெட் எடுக்க யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

சரி, அதை விடு. விமானம் என்றால் பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகாததால் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இறங்கும்போது காது அடைக்கும், பால் கொடு. சான்றிதழை எடுக்கும்போது உன் பட்டச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள். நகையையும்தான். இங்கே பீரோவில் பத்திரமாக இருக்கும். திரும்பிப் போக டிக்கெட் இப்போது எடுக்காதே. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூர்த்தியிடமும் சொல்லிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், சத்தியமங்கலம் வழி வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன்பு உன் பெயரில் மட்டும் இருந்த பழைய கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். அதிலிருந்தே டிக்கெட் எடு, எடுத்ததும் வண்டி எண்ணை எனக்கு அனுப்பு. வரவில்லை என்றாலும் அம்மாவின் போனையாவது எடு.

அன்புடன்,
அப்பா