டெஸ்ட் சீட்ட க்யூ வாசல்லயே போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழமை தண்டையார்பேட்டைலேர்ந்து பசங்கள கூட்டிக்கினு ஒரு தீம் பார்க் போனோம். முன்னாடி ரோலர் கோஸ்டர்ல ரெண்டு பேருக்கும் சேத்து மடி மேல எறங்குற ஒரே கம்பிதான், அது என் வயித்துல இடிச்சு நின்னுடும், பக்கத்துல சின்னவன் தொடைக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு ஜாண் கேப், மேலேர்ந்து சரியும்போது உடம்பு சீட்ட விட்டு எழும்பும் பாருங்க, அப்போ அவன் சட்டைய கெட்டியா புடிச்சிக்கினே கத்துவேன். இப்போ ஆளுக்கு ஒரு கம்பி, தொடைல டக்டக்குன்னு லாக் ஆகுது. பெத்தவங்களுக்கு அவ்ளோ நிம்மதி.

ஆனா இன்னொரு ரைடுல தோள் மேலேர்ந்து எறங்குற லாக்கு எங்க அக்காவுக்கு மாட்டல. முக்கா மணி நேரம் வெயில்ல நின்னவங்கள, ரெண்டு தடவ அமுக்கி பாத்துட்டு எல்லார் எதிர்லயும் எறங்க சொன்னாங்க. ரைடுல ஆள ஏத்துற அந்த தம்பி மேல தப்பே இல்ல, லாக் ஆகலன்னா ஏத்தவே கூடாது. அந்த ரைடுல இருக்குற மாதிரியே லாக்கோட ஒரு சீட்ட, டெஸ்ட் சீட்டா, க்யூ ஆரம்பிக்கிற எடத்துல போட்டா முன்னாடியே உக்காந்து பாத்துக்கலாமே, வெளிநாட்டு பார்க் நெறைய எடத்துல அப்படி வெச்சிருக்காங்க. அக்கா அன்னிக்கு அப்புறம் எந்த ரைடுலயும் ஏறல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை