எந்தக் காற்றில் வருகிறாய்?

ராமநாதபுரம்

அன்புள்ள தங்கவேலுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பேரப் பிள்ளைகளோடு அரையாண்டு விடுமுறையில் வருவதா, மே மாதம் வருவதா, ராமேஸ்வரம் கோயிலைத் தவிர என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதற்குப் போக முடியாது. எங்கள் பக்கம் எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை என்பதை மாதம்தான் சொல்லும், காற்றுதான் சொல்லும்.

வரைபடத்தை எடுத்துப் பார். மண்டபம் தொட்டு தனுஷ்கோடி வரை நிலம் விரல் நீட்டியது போலக் கடலுக்குள் போகிறது. அதற்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீன்பிடிக்கிறவர்களுக்கு அது வடகடல், இது தென்கடல். வடகடல் ஆழமில்லாத கடல். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். அடியில் சேறும், கடல் தாழை என்கிற கடற்புல்லும். தென்கடல் கரையை விட்டு விலக விலக ஆழம் கூடும். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் புரட்டாசி வரை தென்கடல் பொங்கும், அந்த நாட்களில் வடகடல் கண்மாய்த் தண்ணீர் போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பினால் நிலைமை தலைகீழ். ஆழமில்லாத கடல் என்பதால் வாடைக்கு வடகடலில் அலை உயரமாக வராது, குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வரும். தண்ணீர் கலங்கிவிடும், அறுந்த தாழை கரையில் குவிந்து அழுகி நாற்றம் அடிக்கும்.

ஆகவே டிசம்பரில் வந்தால் தென்கடல் பக்கம் குளி, மே கடைசியில் வந்தால் வடகடல் பக்கம் குளி. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். டிசம்பர் எங்களுக்குப் புயல் மாதம். மேயில் வெயில் மணலைக் காய்ச்சும். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் விடுப்பு சொல்ல முடிந்தால் ஜனவரி கடைசியில் வா. வாடை தணியத் தொடங்கியிருக்கும், பூநாரைகளும் இருக்கும். மாசி, பங்குனி அதைவிட நல்லது. இரண்டு கடலும் சேர்ந்து அடங்கிக் கிடக்கும் நாட்கள் அவை.

முதல் நாளை ஊருக்குள்ளேயே தொடங்கு. ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடு. அரசுத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்பு. போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி கட்டியது. சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. பிள்ளைகளுக்குச் சுவரைக் காட்டி, தஞ்சை மராத்தியரோடு சேதுபதி போரிடும் காட்சியைக் கண்டுபிடிக்கச் சொல். அரசர் ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் இருக்கிறது. ஓவியத்தில் கை படக் கூடாது, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. பழைய சாயங்கள் வெளிச்சத்துக்கும் வேர்வைக்கும் தாங்காதவை.

1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், அது கைகலப்பில் முடிந்து துணைத்தளபதி கிளார்க் இறந்ததும் இந்தக் கட்டடத்தில்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1795இல், கும்பெனியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறை வைத்துவிட்டார்கள். 1809இல் சென்னைச் சிறையிலேயே இறந்தார். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம், எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கும் அந்த நீண்ட தூண் வரிசை, அவர் காலத்தில் முடிந்த திருப்பணி. அதைச் சொல்லிவிட்டு மறுநாள் பிரகாரத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும்.

அரண்மனைக் காட்சிக்கூடத்தில் அழகன்குளத்துப் பொருட்களை விட்டுவிடாதே. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊர் அது. 1986 முதல் பல முறை தோண்டி ரோமானியக் காசுகளும் மட்கல ஓடுகளும் எடுத்தார்கள். ஓர் ஓட்டில் கப்பல் கீறியிருக்கிறது. நேரே போனால் பார்க்க மேடுதான் இருக்கும், ஆகவே பொருட்களைப் பார்ப்பதுதான் பயன். பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளும் அதே கதைதான் சொல்கின்றன. முத்தும் சங்கும் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்துபோன கரை இது.

மதியத்துக்கு மேல் திருப்புல்லாணி, அங்கிருந்து சேதுக்கரை. தர்ப்பைப் புல்லில் ராமர் சயனித்திருக்கும் சன்னதியைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போ. அமாவாசையில் போகாதே, கூட்டம் மட்டும் காரணமில்லை, தீர்த்தமாடியவர்கள் விட்டுப் போகும் துணிகள் மணலுக்குள் புதைந்து காலைச் சுற்றும். பிறகு கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் கட்டிய கைகளே இதையும் செதுக்கினவோ என்று தோன்றும். கிழவன் சேதுபதியின் நண்பரான வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் மாவும் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் தொதல் வாங்கு. எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும் துண்டாகப் பார்த்து எடு, அதுதான் கெடாமல் ஈரோடு வரை வரும்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்துக்கு அரை மணி போதும்.

வடகடலில் குளிக்க அரியமான். உச்சிப்புளிப் பக்கம் திரும்ப வேண்டும். சவுக்கு நிழல் இருக்கிறது, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் போகலாம். ஒன்றே ஒன்று: திருக்கை. மேலே லேசாக மணலை மூடிக்கொண்டு அடியில் படுத்திருக்கும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றிக் குத்தும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதிர்வு தெரிந்து தானாக விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதே, தோலில் ஒட்டியிருக்கும் கொட்டுநுனிகள் நல்ல தண்ணீர் பட்டால் இன்னும் வெடிக்கும். கடல் தண்ணீரிலேயே அலசு.

தொண்டி போகும் வழியில் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் காலையில் போ. சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல மேல்நோக்கி நிற்பவை வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மேலே வந்து மூச்சு விடுகின்றன. ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைக்கச் சொல், உப்புக் கரிக்கும். குடித்த உப்பை மரம் இலை வழியே வியர்த்து வெளியே தள்ளுகிறது. வாடை பலமாக இருக்கும் நாளில் படகு ஓடாது, கேட்டுவிட்டுப் புறப்படு. நேரம் இருந்தால் ஓரியூர் செம்மண்ணையும் பார்த்து வரலாம். 1693 பிப்ரவரி 4 அன்று பாதிரியார் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) வெட்டிய இடம்.

இரண்டாம் நாள் மண்டபம் வழியாகத் தீவுக்கு. மண்டபத்தில் 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனாலும் நிலையம் இங்கே நடக்கிறது. அங்குள்ள மீன் காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் நடுவே வண்டியை நிறுத்தாதே. முனையில் விட்டுவிட்டு ஓரமாக நடந்து பார். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தின் பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறந்த புதியது. பழையதில் நடுத் துண்டு இரண்டு கையாக விரிந்தது, புதியதில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் போல மேலே எழும். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு பழைய பாலத்திலேயே இருந்தது, ஆகவே காற்று மாதத்தில் ரயிலில் வந்தால் கையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்.

பாலம் இறங்கியதும் வலது பக்கம் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கால் வைத்த கரை. பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது. இங்கிருந்துதான் வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் மற்றவற்றுக்கு நினைத்தபடி போக முடியாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் இந்தப் படகை நம்பி வராதே.

மூன்றாம் நாள் முழுவதையும் தனுஷ்கோடிக்கு வை. விடியும்போதே கிளம்பு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. நிழல் என்று ஒன்று கிடையாது. வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும்; 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். சாலையோரம் நின்று பார்த்தால் போதும். கிட்டே போகிறேன் என்று காரை இறக்கிவிடாதே. மேலே காய்ந்து வெடித்த மண் கெட்டியாகத் தெரியும், அரை அடிக்குக் கீழே சகதி. சிக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு வரை இறங்கும். இஞ்சினை அணைத்து, டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்து, டயருக்கு முன்னால் உள்ள மண்ணைக் கையால் சரித்து, மிதியடி விரிப்பைப் போட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

இன்று சிதைந்து கிடக்கும் ஊர்தான் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வாசல். போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எல்லாம் முடிந்தது. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலில் இருந்த நூறு பேருக்கு மேல் கடலோடு போனார்கள். பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். ஊரை யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

தேவாலயச் சுவர் அருகே நின்று பார். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் தேன்கூடு போலவும் மூளை மடிப்பு போலவும் வரி ஓடும். அது பவளப்பாறை. லேசாக இருக்கும், வெட்ட எளிது என்று இந்தக் கரையில் வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் அதைத்தான் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை குறையக் குறையத் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். பவளப்பாறை 2001 முதல் புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. யார் எவ்வளவு மலிவாக நீட்டினாலும் பவளத் துண்டை வாங்காதே, கரையில் கிடப்பதையும் பையில் போடாதே.

அங்கே குடியிருக்கும் மீனவர்கள் மணலில் பறித்து வைத்திருக்கும் ஊற்றையும் காட்டு. இருபுறமும் கடல், நடுவில் மூன்று நான்கு அடிப் பள்ளம், அதில் குடிக்கும்படியான தண்ணீர். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது. சிரட்டையால் அலுங்காமல் கோரி, ஊற விட்டு மறுபடி கோர வேண்டும். ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதன் பிறகு பல மழை கண்டால்தான் தெளியும். தங்கச்சிமடம் பக்கத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு இனிக்கிறது என்று சொன்னால் நம்பாதவர்கள் இந்த ஊற்றைப் பார்த்தால் நம்புவார்கள்.

சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்பார்கள். பார்க்கலாம், கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் மோதி இழுக்கும் இடத்தில் காலடி மணலே நழுவும். கரை வாரத்துக்கு வாரம் இடம் மாறும், நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும். பிள்ளைகள் கையை விடாதே. இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தங்கச்சிக்கு முட்டி வலி என்று எழுதியிருந்தாய். மணலில் நடப்பது கடினம், ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்பு கொண்டுவரச் சொல். தேதி முடிவானதும் எழுது. குருசடைப் படகுக்கும் காரங்காட்டுக்கும் இங்கிருந்தே கேட்டு வைக்கிறேன்.

உன்,
காதர்