உரையாடலில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சிறுகதைகளின் மறுபதிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், வட்டார வழக்கு இன்றைய வாசகருக்குப் புரிவதில்லை, உரையாடல்களைப் பொதுத்தமிழுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த வாசகரைக் கேட்டு எழுதினார்கள்?

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, தெற்கே சேலத்தைத் தாண்டியதில்லை. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், நான் கி.ராஜநாராயணன் கதைகளைச் சத்தமாக வாசிப்பேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சுக்கும் எங்கள் பாலக்கோட்டுப் பேச்சுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிற சம்சாரி, அதாவது விவசாயி, என்ன சொல்கிறான் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, இங்கேயும் மானாவாரிதானே. ஒரு சொல் பிடிபடாவிட்டால் அடுத்த வரியில் பிடித்துக்கொள்வார். கண்ணால் மட்டும் படிக்கும்போது முட்டுகிற வரி வாய்விட்டுப் படித்தால் வழிவிடும், கி.ரா.வின் கரிசல் மண் கதையானாலும் சரி, புதுமைப்பித்தனின் திருநெல்வேலிப் பேச்சானாலும் சரி.

புரியவில்லை என்று சொல்லப்படுவது எங்களுக்குப் பழகிப்போனதுதான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "வூட்டுல" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது, பாடம் நடத்தியவரும் சேர்ந்துகொண்டார். அப்புறம் வேலைக்குப் போன இடத்தில், நீ பேசுவது கொங்குத் தமிழா மெட்ராஸ் தமிழா என்று கேட்டார்கள். 1965 வரை எங்கள் தருமபுரிப் பக்கம் சேலம் மாவட்டம், 2004இல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரியும் தனியாகப் பிரிந்தது, ஆனால் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது என்பது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. கர்நாடக எல்லையோரத்துத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள், ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓடும். அங்கே யாரும் புரியவில்லை என்று எழுந்து போவதில்லை.

உங்கள் இதழும் இதைச் செய்திருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் பாட்டியைப் பற்றி நான் எழுதிய குறிப்பை வெளியிட்டீர்கள், அதற்கு இன்றும் நன்றி. ஆனால் என்னைப் பார்த்து அவர் "அப்பால வாடா" என்று சொன்னது, "பிறகு வாருங்கள்" என்று அச்சாகியிருந்தது. பேரனை எந்தப் பாட்டி ஐயா அப்படிக் கூப்பிடுவாள்? வீட்டில் படித்தவர்கள் இது யார் என்று கேட்டார்கள். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

கரிசல் வழக்குக்கு கி.ரா. 1982இலேயே அகராதி கொண்டுவந்தார், கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகன் தொகுத்தார். புரியாதவர்களுக்காக அவர்கள் செய்த வேலை அது. அதற்காகக் கதையில் யாரும் கை வைக்கவில்லை.

எழுதியவர் உயிரோடு இல்லை, வந்து கேட்கமாட்டார் என்பதற்காக அவருடைய மனிதர்களின் வாயை மாற்றாதீர்கள். உரையாடலை இருந்தபடியே விட்டு, கடினமான சொற்களுக்குப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் பொருள் போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.